சிறு அமைப்புகளில் வைஃபை நிர்வாகம்: ஒரு தொண்டரின் அனுபவம்

(அறநிலைய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற பொறுப்பாளர்கள் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைஃபையைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டபோது சற்றுத் தயங்கினேன். இந்த மேடையில் கல்வியைப் பற்றியும், முதியோர் நலனைப் பற்றியும், குடும்ப ஒற்றுமையைப் பற்றியும் பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். நானோ தொலைபேசித் துறையில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவன். கம்பியில்லா இணைப்பைப் பற்றிப் பேசக் கம்பி இழுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் அறநிலையத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு நின்று போனதற்கு நான் இழுத்த ஒரு கம்பியும் காரணம். அதை இன்றைக்குச் சொல்லாவிட்டால் வேறு எப்போது சொல்வது என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

ஏழு பெட்டிகள் வந்த கதை

முன்பு நமக்கு அலுவலகத்தில் ஒரே ஓர் இணைய இணைப்புதான் இருந்தது. எழுத்தர் அம்மா மின்னஞ்சல் பார்ப்பதற்கும் ரசீது அடிப்பதற்கும் அது தாராளமாகப் போதும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு வகுப்பு கணினியில் நடந்தது. கூட்டங்கள் கணினியில் நடந்தன. முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கைப்பேசி ஒன்றே வழியாக இருந்தது.

"இங்கே லைன் வரவில்லை" என்று யாராவது சொன்னால், நல்ல மனம் படைத்த யாராவது ஒருவர் ஒரு ரௌட்டர் வாங்கிக் கொடுத்துவிடுவார். மண்டபத்திற்கு ஒன்று, சமையற்கூடத்திற்கு ஒன்று, பாலர் பள்ளிக்கு ஒன்று, முதியோர் இல்லத்திற்கு இரண்டு, மாடியில் டியூஷன் அறைக்கு ஒன்று. அலுவலகத்தில் இருந்ததோடு சேர்த்து ஏழு பெட்டிகள் ஆயின. ஏழும் வெவ்வேறு கம்பெனி. ஏழுக்கும் ஏழு பெயர், ஏழு கடவுச்சொல். அவற்றில் மூன்று, சுவரில் தாள் ஒட்டி எழுதப்பட்டிருந்தன. கொடுத்தவர்கள் மனம் கோணக்கூடாது என்பதால் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டும் வேலை என்னுடையது.

இதன் பலனை ஒரு விருந்து நாளில் கண்டோம். மண்டபத்துப் பெட்டியில் கம்பி கழன்றுவிட்டது என்று ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வீட்டிலிருந்தே, "ஏதாவது ஓர் ஓட்டையில் செருகிவிடு தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவரும் செருகினார். அரை மணி நேரத்தில் அலுவலகம், டியூஷன், பாலர் பள்ளி என எங்கும் இணையம் போய்விட்டது. நேரலை ஒளிபரப்பு நின்றது. டூயிட்நவ் கியூஆர் வழியாக வந்த பணம் சேர்ந்ததா இல்லையா என்று பார்க்க முடியாமல் பொருளாளர் தவித்தார்.

காரணம் எளிமையானது. வலைப்பின்னலில் சேரும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் கணினிக்கும் ஓர் எண் முகவரி தேவை. அதைக் கொடுக்கும் வேலையை ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். தவறான ஓட்டையில் செருகியதும் மண்டபத்துப் பெட்டியும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே பந்திக்கு இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? இலை இருக்கும், சோறும் இருக்கும், யாருக்கும் உட்கார இடம் தெரியாது. அதுதான் நடந்தது.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். சிரித்திருக்கக் கூடாது.

ஒரு பிள்ளை வராமல் போனது

மாடியில் டியூஷன் அறைக்குப் பெட்டி மாட்டியபோது, கீழே அலுவலகப் பெட்டியிலிருந்து நேராக ஒரு கம்பியை மேலே இழுத்தேன். அதுதான் சுலபம். அதனால் அலுவலகமும் டியூஷன் அறையும் ஒரே வலைப்பின்னலாகிவிட்டன. கீழே இருக்கும் கணினி மேலே தெரியும்; மேலே இருப்பது கீழே தெரியும். அதைப் பற்றி நான் ஒரு கணமும் நினைக்கவில்லை.

அலுவலகக் கணினியில் ஒரு கோப்புறை இருந்தது. பொருளாளர் தம் மடிக்கணினியிலிருந்து எளிதாகப் பார்க்கட்டும் என்று எழுத்தர் அம்மா அதைப் பொதுவில் திறந்து வைத்திருந்தார். கடவுச்சொல் இல்லை. அதற்குள் மாதந்தோறும் நாம் உணவுப் பொருள் கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல் இருந்தது. பெயர், அடையாள அட்டை எண், வருமானம், என்ன காரணத்தால் உதவி தேவைப்படுகிறது என்ற குறிப்பு, எல்லாம்.

டியூஷனுக்கு வந்த பிள்ளைகளில் ஒருவன் மடிக்கணினியில் எதையோ தேடப் போய், அலுவலகக் கணினியின் பெயரைக் கண்டு அதை அழுத்தினான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை; அந்த வயதில் நாமும் அழுத்தியிருப்போம். பட்டியல் திறந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருந்த இன்னொரு மாணவனின் தந்தை பெயர் அதில் இருந்தது. அவர் வேலை இழந்தது, உடல்நிலை, கடன், எல்லாம் ஒரு வரியில் எழுதப்பட்டிருந்தது.

யாரும் கேலி செய்யவில்லை என்று ஆசிரியர் சொன்னார். ஆனால் அந்தப் பையன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எஸ்.பி.எம். தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன.

நானும் செயலாளரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தந்தை கோபப்படவில்லை. "ஐயா, நீங்க கொடுத்த அரிசிக்கு நன்றி. ஆனா இந்த விஷயம் என் மகனுக்கே தெரியாம வெச்சிருந்தேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

இதை இங்கே சொல்லலாமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டேன். பேரும் ஊரும் வராமல் சொல்லுங்கள், இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது என்று அனுமதி கொடுத்தார். அவர் கொடுத்த அனுமதியால்தான் இன்று பேசுகிறேன்.

ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது என்றால் என்ன?

வைஃபைக்கு அடிப்படையான முதல் தர வரையறை 1997-இல் வந்தது. அதே ஆண்டில்தான் சிங்கப்பூரில் முதலாவது தமிழ் இணைய மாநாடும் நடந்தது. இத்தனை ஆண்டுகளில் கருவிகள் மலிவாகிவிட்டன. நிர்வகிக்கும் பழக்கம்தான் நம்மிடம் வளரவில்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஏழு பெட்டிகளையும் கழற்றினோம். இணையம் உள்ளே வரும் இடத்தில் ஒரே ஒரு ரௌட்டர். அது வாயில் காவலர். முகவரி கொடுப்பது அது மட்டுமே. அங்கிருந்து கம்பிகள் ஒரு சுவிட்சுக்குப் போகும். சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கூடத்தின் கூரைக்கும் ஒரு கம்பி. அதன் முனையில் ஆக்சஸ் பாயின்ட் எனப்படும் வட்டத் தட்டு. அதற்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை. அதே கம்பியிலேயே மின்சாரமும் போகும். அந்தச் செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. கட்டடத்திற்குக் கட்டடம் வெளியே போகும் இடத்தில் செப்புக் கம்பி போடாமல் ஒளியிழை போட்டோம். நம் நாட்டு இடி மின்னலை நீங்கள் அறிவீர்கள். செப்பு வழியாக அது ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும், கண்ணாடி இழை வழியாகத் தாவாது.

இவை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளுக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். எந்தக் கூடத்தில் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள், எந்தத் தட்டு வேலை செய்யவில்லை, யார் அளவுக்கு மீறி இழுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமானால் ஒரு முறை மாற்றினால் எல்லாத் தட்டுகளிலும் மாறிவிடும். பெரிய விருந்தில் பத்து அடுப்பு எரிந்தாலும் சாமான் கொடுப்பவர் ஒருவராக இருந்தால்தான் கணக்கு நிற்கும். அதுபோலத்தான் இதுவும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இப்படிப்பட்ட கருவிகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று, யுபிக்விட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் யூனிஃபை. நம் நாட்டில் டி.எம். நிறுவனம் 2010-இல் தொடங்கிய இணையச் சேவையின் பெயரும் யூனிஃபை. "ஏற்கனவே யூனிஃபை இருக்கிறதே, இன்னொரு யூனிஃபை எதற்கு?" என்று செயலவையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முன்னது வீட்டுக்குள் வைஃபையைப் பரப்பும் கருவி. பின்னது வாசல்வரை வரும் இணையச் சேவை. இந்தக் கருவியையே வாங்க வேண்டும் என்பதில்லை. டிபி-லிங்க் நிறுவனத்தின் ஓமாடா போன்றவையும் இருக்கின்றன. எல்லாம் ஒரே குடும்பத்துக் கருவிகளாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. பக்கத்துப் பக்கத்துத் தட்டுகள் ஒரே தடத்தில் பேசினால், ஒரே மேடையில் இருவர் ஒலிபெருக்கி பிடித்த மாதிரிதான். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். ஆனால் அது சுவரைத் தாண்டுவது குறைவு. ஆகவே கூடத்துக்கு ஒரு தட்டு வைத்து, அதன் சக்தியைக் குறைத்து வைப்பதே நல்லது.

தனித்தனி வாசல்கள்

இனி நான் சொல்வதை மட்டுமாவது எழுதிக்கொண்டு போங்கள். கருவிகள் ஒன்றாக இருக்கலாம். பாதைகள் ஒன்றாக இருக்கக் கூடாது.

நாங்கள் நான்கு பாதைகளாகப் பிரித்தோம். அலுவலகத்திற்கு ஒன்று, வகுப்புகளுக்கு ஒன்று, விருந்தினருக்கும் முதியோர் இல்லத்தாருக்கும் ஒன்று, கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஒன்று. எல்லாம் அதே கம்பிகளில்தான் போகின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்க முடியாது. இதற்கு வீ-லேன் என்று பெயர். ஒரே வளாகத்தில் நான்கு வீடுகள், நான்குக்கும் தனித்தனி வாசல்.

பலர் செய்யும் தவறு, வைஃபைக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டுப் பிரித்துவிட்டோம் என்று நினைப்பது. பெயர் இரண்டு இருந்தாலும் பின்னால் பாதை ஒன்றாக இருந்தால், வீட்டுக்கு இரண்டு கதவு வைத்து இரண்டையும் ஒரே அறைக்குள் திறந்த மாதிரி. பாதையையும் பிரிக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக் கூடாது என்று ரௌட்டரில் விதியும் எழுத வேண்டும். எழுதிய பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் டியூஷன் அறையில் ஒரு மாணவனைப் போல உட்கார்ந்து, அலுவலகக் கணினியைத் திறக்கப் பார்க்கிறேன். திறக்கவில்லை என்றால் தேதி போட்டுக் குறிப்பேட்டில் கையெழுத்திடுகிறேன்.

விருந்தினர் பாதையில் ஒருவர் கைப்பேசி மற்றொருவர் கைப்பேசியைப் பார்க்க முடியாதபடி தடுத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் வேக வரம்பு உண்டு. திருமண நாளில் ஐந்நூறு பேர் வந்தாலும் எழுத்தர் அம்மாவின் ரசீது வேலை நிற்காது. வகுப்புப் பாதை இரவு பத்து மணிக்குத் தானாக அடங்கிவிடும். முதியோர் இல்லத்தில் மட்டும் நேரக் கட்டுப்பாடு இல்லை. லண்டனில் இருக்கும் மகன் வேலை முடிந்து கூப்பிடும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்த அழைப்புக்காக விழித்திருக்கும் தாய்க்கு நாம் என்ன கட்டுப்பாடு போடுவது?

கேமராக்களைத் தனியே வைத்ததற்குக் காரணம் உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் உலகெங்கும் பிடித்து, பெரிய இணையச் சேவைகளைத் தாக்கப் பயன்படுத்தியது. வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். நம் மண்டபத்துக் கேமராவும் அப்படி வேறொருவருக்குக் கூலி வேலை செய்யக் கூடாது.

பூட்டின் வகையையும் பாருங்கள். வெப் என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டது. 2004-இல் டபிள்யூபிஏ-2 வந்தது. 2017-இல் அதிலும் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, கருவிகளைப் புதுப்பித்து அடைத்தார்கள். 2018-இல் டபிள்யூபிஏ-3 வந்தது. மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு இதுவே பாடம். ஏழு பெட்டி இருந்தபோது யார் புதுப்பிப்பது? இப்போது ஒரே இடத்தில் பொத்தான் அழுத்தினால் முடிந்தது.

சாவி யாருடையது?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது இரண்டாவது தவறும் என்னுடையதாகவே இருந்தது. கன்ட்ரோலர் கணக்கை என் சொந்த மின்னஞ்சலில் திறந்திருந்தேன். கடவுச்சொல் என் தலைக்குள் இருந்தது. பிறகு ஒருநாள் எனக்கு நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் படுத்துவிட்டேன். அந்த வாரம் மண்டபத்தில் ஒரு தட்டு நின்றுபோனது. உள்ளே போக வழி தெரியாமல் பிள்ளைகள் ஏணி வைத்து ஏறி, தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொடக்க நிலைக்கு மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள்.

நான் பிழைத்து வந்தது ஒரு பக்கம். வராமல் போயிருந்தால்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது நல்லதுதான். அந்த இடம் ஒரு தனி மனிதனின் சட்டைப் பையாக இருக்கக் கூடாது. பேங்க் காசோலையில் இருவர் கையெழுத்து கேட்கிறோம் அல்லவா?

இப்போது கணக்கு அறநிலையத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் இருக்கிறது. செயலாளருக்கும் ஓர் இளைஞருக்கும் எனக்கும் தனித்தனி நுழைவு உண்டு. யார் எதை மாற்றினாலும் பதிவாகும். முதன்மைக் கடவுச்சொல் உறையிலிட்டு முத்திரையுடன் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அமைப்பு விவரங்களின் நகல் மாதம் ஒரு முறை எடுத்து வைக்கப்படுகிறது. ஆண்டுக் கூட்டத்தில் பொறுப்பாளர் மாறினால், அன்றே கடவுச்சொல்லும் மாறும். கூட்டக் குறிப்பில் அது எழுதப்படும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூன் 1 முதல், கடுமையான விவரக் கசிவு ஏற்பட்டால் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி சேர்ந்துள்ளது. அது வணிக நடவடிக்கைகளுக்கான சட்டம். உங்கள் அமைப்பின் எந்தப் பணிக்குப் பொருந்தும் என்று வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம்மிடம் கைநீட்டி உதவி பெறும் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்க நமக்குச் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டுமா?

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெட்டி வாங்கிக் கொடுத்தவர்களில் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் அன்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் இனிமேல் கருவி வாங்குமுன் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் பெட்டிக்கு உபயகாரர் கிடைக்கிறார்கள். சுவருக்குள் போகும் கம்பிக்குக் கிடைப்பதில்லை. பராமரிப்புக்குக் கிடைப்பதே இல்லை. கம்பியின் மீது பெயர் பொறிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கம்பிதான் உழைக்கிறது.

சிறு அமைப்புகளின் பொறுப்பாளர்களே, உங்களுக்கு நான்கு கட்டடம் இல்லாமல் இருக்கலாம். ஒரு கடைவீட்டு மாடியில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவராகவும் இருக்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். சுவரில் ஒட்டிய கடவுச்சொல் தாளைக் கிழியுங்கள். விருந்தினருக்குத் தனிப் பாதை திறந்து விடுங்கள். இன்று விற்கும் பெரும்பாலான ரௌட்டர்களில் அந்த வசதி உண்டு. அலுவலகக் கணினியில் எந்தக் கோப்புறை பொதுவில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். வைஃபையை எவ்வளவு பிரித்தாலும், கோப்புறைக்குப் பூட்டுப் போடுவது தனி வேலை. இந்த மூன்றுக்கும் ஒரு காசு செலவில்லை.

அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டான் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். அவன் வரவில்லை. வேறிடத்தில் படித்துத் தேர்வெழுதினான் என்று தந்தை சொன்னார். அவர்கள் வீட்டுக்கு அரிசி இன்றும் போகிறது. ஆனால் பெயரில்லாமல், பட்டியலில் ஓர் எண்ணாக மட்டும். அந்த எண் யாருடையது என்று தெரிந்தவர்கள் இருவர்தான். கொண்டு போய்க் கொடுப்பது நான்.